கிரேன் ஓட்டியின் பிரூவெட்

வாசல் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் இரண்டு பொருள்கள் தொங்குகின்றன. ஒன்று அப்பாவின் தலைக்கவசம். இன்னொன்று அப்பாவின் பாலே காலணி. கறுப்புத் துணி, வலது நுனியில் ஒட்டுப் போட்டது. அவர் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. ஆணியைத் தொட யாருக்கும் கை எழவில்லை. வருகிறவர்கள் தலைக்கவசத்தைப் பற்றிக் கேட்பதில்லை. காலணியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

துறைமுகத்தில் அப்பாவுக்குப் பெயர் கொக்கி. உயரத்தில், கிரேனின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கீழே நிற்கும் சைகைக்காரரின் கையைப் பார்த்துப் பெட்டிகளை ஏற்றி இறக்குவார். கப்பல் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சைகை ஒன்றுதான். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ஏற்று. கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இப்படியும் அப்படியும் வீசினால் நிறுத்து. நிறுத்து என்று யார் காட்டினாலும் நிற்க வேண்டும். மறுபடி அசைக்க மட்டும் தனக்கென்று நியமித்த சைகைக்காரரே காட்ட வேண்டும். இது உயிர்ச் சட்டம். அப்பா அதை மீறியதே இல்லை.

"பாஷை தெரியாதவன்கூடயும் நான் பேசுவேன்" என்பது அவருடைய பீற்றல்.

அம்மா தையல்காரர். மூன்று வகுப்பறைகள் உள்ள ஒரு நடனப் பள்ளிக்கு உடை தைத்துக் கொடுத்தார். ஒருநாள் மூட்டை கனமாக இருந்ததால் அப்பாவும் கூடப் போனார். முதல் அறையில் பாலே டீச்சர் "ப்ளியே" என்றார். கம்பியைப் பிடித்து நின்ற அத்தனை பேருடைய முழங்கால்களும் ஒரே நேரத்தில் மடங்கின. அப்பா மூட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னது அது?"

"முட்டியை மடக்கறது. துணியை மிதிக்காதீங்க" என்றார் அம்மா.

"அதுக்கு எதுக்கு இப்படி ஒரு பேரு?"

டீச்சருக்குக் காது கூர்மை. "எந்த நாட்டு வகுப்புக்குப் போனாலும் இதுதான் சார் பேரு. பேரைச் சொன்னா போதும். பாஷை வேண்டாம்."

அவ்வளவுதான். கொக்கி மாட்டிக்கொண்டது.

பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் மறுவாரமே சேர்ந்தார். மீசை வைத்த ஒரே மாணவர். சாப்பாட்டு மேசையில் சோறு ஆறும், வாய் ஓயாது. காலைத் தரையோடு தேய்த்து நீட்டி நுனியில் நிறுத்தினால் தாந்தூ. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எழும்பினால் ரெலவே. ஒற்றைக் காலில் எழும்பி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தால் பிரூவெட். இரண்டாவது அறையில் டாப் நடனம் ஆடுகிறவர்கள், தகடு அடித்த காலணியால் தரையை முன்னும் பின்னும் வருடுவதற்கு ஷஃபிள் என்று பெயர். அதையும் கற்றுக்கொண்டு வந்து சமையலறை ஓடு ஒன்றை விரிசல் விட வைத்தார். மூன்றாவது அறை பரதம். அங்கே எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"இந்தாம்மா! அங்க அரைமண்டிங்கறாங்க, இங்க ப்ளியேங்கறாங்க. முட்டி ஒண்ணுதான்!"

"சத்தமாச் சொல்லாதீங்க, ரெண்டு டீச்சரும் சண்டைக்கு வருவாங்க. அரைமண்டியில உக்காந்தபடியே ஆடணும். ப்ளியேல எழும்பறதுக்காக இறங்கணும். அதுக்கு விசிறி மடிப்பு வைக்கறேன், இதுக்கு ஒண்ணும் வைக்கறதில்ல. தைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"எழும்பறதுக்காக இறங்கணும்." அப்பா கரண்டியை வைத்துவிட்டார். "பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி கம்பியில தொய்வை எடுக்கற மாதிரி!"

"ஆமா, அதேதான். சாப்பிடுங்க."

ஆண்டு விழா வந்தது. கூட்ட நடனத்தின் உச்சத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு பிரூவெட் போட வேண்டும். டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்: "சுத்தி முடிச்சு முன்னால பாத்து நிக்கறவங்க மேடையில. முடியாதவங்க திரைக்கயிறு இழுங்க. அதுவும் நல்ல வேலைதான்."

அப்பாவோ துறைமுகம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். சுமை தூக்குகிறவர்கள், பெட்டிகளைப் பூட்டிக் கட்டுகிறவர்கள், கம்பி வடம் சுற்றும் வின்ச்காரர், எல்லாரும் வருகிறார்கள். ஆனால் சுற்றினால் அப்பா குடித்தவர் மாதிரி சுவரில் போய் முட்டினார்.

குறை காலில் இல்லை, கண்ணில். அசையும் பாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே என்பது கிரேன் பாடம். மேலே அவரோடு அறையே சேர்ந்து சுழலும், தலை சுற்றாது. தரையில் சுற்றும்போதும் கண் பழக்கப்படி ஓடுகிற எல்லாவற்றின் பின்னாலும் ஓடியது.

"ஸ்பாட் வைங்க சார்" என்றார் டீச்சர். "கண்ணை ஒரு இடத்துல ஊனுங்க. உடம்பு முதல்ல போகட்டும். தலை கடைசியாக் கிளம்பி முதல்ல வந்து சேரணும்."

அப்பா சுவர்க் கடிகாரத்தில் கண்ணை ஊன்றினார். மறுபடி சுவர்.

"என்ன சார் ஆச்சு?"

"முள்ளு நகருதே டீச்சர்! அது பின்னாடியே கண்ணு போகுது."

கதவுப் பிடி, சுவிட்ச் பலகை, சுவரில் இருந்த கறை. எதிலும் கண் நிற்கவில்லை. கடைசியில் அப்பாவே கண்டுபிடித்தார். "எனக்கு இடம் பத்தாது டீச்சர். ஆள் வேணும்."

மறுநாள் அம்மா, துறைமுகத்துச் சைகைக்காரரின் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்பின் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். முகத்தில் அத்தனை எரிச்சல். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினார். அப்பா ப்ளியேயில் இறங்கி, எழும்பி, சுற்றி, அம்மாவைப் பார்த்தபடி வந்து நின்றார். சுவர் தப்பியது. வகுப்பே கூச்சல் போட்டது. டீச்சர் ஒரு நாற்காலி மேல் ஏறிக் கைதட்டினார்.

விழா அன்று அம்மா மூன்றாவது வரிசையின் நடுவில், நல்ல புடவைக்கு மேல் ஆரஞ்சுச் சட்டையோடு உட்கார்ந்தார். வாசலில் சீட்டுக் கிழித்தவர், "மேடையில ஏதாவது தீப்பிடிக்கப் போகுதாங்க?" என்று கேட்டார். "பிடிக்கலாம்" என்றார் அம்மா. முன் வரிசை முழுக்கத் துறைமுகம்.

திரை விலகியது. இசை ஏறியது. தாந்தூ, சரியாக. ரெலவே, சரியாக. அப்பாவின் மீசை துடிப்பது மூன்றாவது வரிசைக்குத் தெரிந்தது. உச்சம் வந்தது. எல்லாரும் ஒரு காலைப் பின்னால் வைத்து ப்ளியேயில் இறங்கினார்கள். அப்பாவின் கண் அம்மாவைத் தேடிப் பிடித்தது.

அந்த நொடியில் வின்ச்காரர், "கொக்கியண்ணே!" என்று எழுந்து நின்று விசில் அடித்தார். அம்மாவுக்குப் பாதி மேடை மறைந்தது. "உக்காருங்க, உக்காருங்க" என்று கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இப்படியும் அப்படியும் வீசினார்.

வின்ச்காரர் உட்கார்ந்தார். அப்பா நின்றுவிட்டார்.

மற்ற எல்லாரும் சுற்றி வந்து, முன்னால் பார்த்து, சிரித்து நின்றார்கள். நடுவில் ஒருவர் மட்டும் முழங்கால் மடக்கி, ஒரு கை முன்னால் வளைந்து, சிலை. மேடை ஓரத்தில் டீச்சர், "சுத்துங்க சார்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அப்பா அசையவில்லை. இசை அடுத்த வரிக்குப் போய்விட்டது.

முன் வரிசைக்குப் புரிந்துவிட்டது. மொத்தத் துறைமுகமும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. ஆளுக்கு இரண்டு கை இருந்தும் ஒருவர் கையும் எழவில்லை. அவர்களில் யாரும் அப்பாவுக்கு நியமித்த ஆள் இல்லை. வின்ச்காரர்தான் பின்னால் திரும்பிக் கத்தினார்.

"அக்கா! நீங்கதான் நிறுத்தினீங்க! நீங்கதான் விடணும்!"

அம்மா துள்ளி எழுந்தார். கையை முழுக்க மேலே நீட்டினார். சுட்டுவிரல் சுழன்றது.

அப்பா எழும்பினார். தனியாக, மேடை முழுக்க அவர் ஒருவரே அசைய, உடம்பு திரும்பியது, முகம் திரும்பவில்லை. பிறகு தலை விசுக்கென்று போய், உடம்பை முந்திக்கொண்டு வந்தது; பார்வை மூன்றாவது வரிசையில் விழுந்தது. கால் வந்து சேர்ந்தபோது கண் ஏற்கெனவே அங்கே இருந்தது. ஒரு தள்ளாட்டம் இல்லை. முன்னால் பார்த்து நின்றார்.

துறைமுகம் நாற்காலி மேல் ஏறிவிட்டது. கூட்டத்தில் மற்றவர்கள் இதெல்லாம் நடனத்தில் உள்ளதுதான் என்று நினைத்து இன்னும் அதிகமாகக் கைதட்டினார்கள்.

திரைக்குப் பின்னால் அப்பா வியர்வை சொட்டக் கேட்டார், "ஏன்மா நிறுத்தின?"

"அந்த மனுஷனை உக்காரச் சொன்னேங்க!"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் சுத்தறாங்களே, அது தெரியலையா?"

"அவங்களுக்கு யார் காட்டினாங்களோ!" என்றார் அப்பா. அம்மா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆரஞ்சுச் சட்டை மட்டும் ஆணியில் இல்லை. கடைசி நாளில் அம்மா அதை மடித்து அப்பாவோடு வைத்து அனுப்பிவிட்டார்.

"அங்க யாருக்காவது போட்டுவிடட்டும்" என்றார். "ஆள் இல்லன்னா ப்ளியேலயே நிப்பாரு."