ஒரே பேர், ஒரே இனிஷியல்

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்துபவர் கடைசி வரியிலிருந்துதான் படிக்கிறார். பக்கத்தின் அடியில் பென்சிலை ஊன்றி, சொல் சொல்லாக மேலே ஏறுகிறார். நேராகப் படித்தால் அர்த்தம் வந்து கண்ணை மறைத்துவிடுமாம். "கதை கேக்க ஆரம்பிச்சுட்டா காலும் கொம்பும் கண்ணுல படாது சார்" என்கிறார். என் கட்டுரைகளையும் அவர்தான் திருத்துகிறார். ஒன்றையாவது மேலிருந்து கீழாகப் படித்திருப்பாரா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

அச்சகத்தில் அவரைப் 'புள்ளி சார்' என்று கூப்பிடுகிறார்கள். கோடு போட்டு அடித்த சொல் மறுபடி வேண்டும் என்று நினைத்தால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்பது அச்சுத் தொழிலில் வழக்கம். 'அடித்தது தப்பு, இருக்கட்டும்' என்று பொருள். முப்பத்தைந்து வருஷத்தில் இவர் ஒரு தடவைகூட அப்படிப் புள்ளி வைத்ததில்லை. அதைக் கேலி செய்து வைத்த பெயர்.

ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் போதும், மனிதருக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக் கதவில் மனைவி 'மெல்ல மெல்ல மூடவும்' என்று எழுதி ஒட்டியிருந்தார். இவர் ஒரு 'மெல்ல'வை அடித்துவிட்டார். "அது அடுக்குத்தொடர்யா, பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?" என்று அந்தம்மா அன்றைக்குப் பிடித்த பிடி, அச்சகம் வரைக்கும் பிரசித்தம்.

அவர் படித்த அந்தப் பள்ளிக்கூடம்தான் இப்போது அவரை ஆட்டிவைக்கிறது. நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு மலர் இங்கேதான் அச்சாகிறது. பழைய மாணவர்கள் கட்டுக்கட்டாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கட்டடம் முதலில் குதிரை லாயமாக இருந்தது என்கிறார் ஒருவர். இல்லை, ஆஸ்பத்திரி என்கிறார் இன்னொருவர். மணி ஒருவருக்கு வெண்கலம், ஒருவருக்குத் தண்டவாளத் துண்டு. ஒரே தலைமையாசிரியர் மூன்று கட்டுரைகளில் மூன்று வருஷம் ஓய்வு பெறுகிறார். "எழுத்துல பிழைன்னா திருத்தலாம். நெனப்புலயே பிழைன்னா என்ன சார் பண்றது?" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

இதில் பெரிய குழப்பமே அவர்தான். ஆறாம் வகுப்பில் இவர் பேரும் இனிஷியலும் அப்படியே கொண்ட இன்னொரு பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வருகைப் பதிவு எடுத்த வாத்தியார் திணறிப்போய், இவரைக் குட்டை என்றும் அவனை நெட்டை என்றும் வைத்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் இந்தக் குட்டை கிடுகிடுவென்று வளர்ந்து நெட்டையைத் தாண்டிவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் இருவர் பட்டப்பெயரையும் இடம் மாற்றிக் கூப்பிட்டார்கள், பாதிப் பேர் மாற்றவில்லை. "ஆகுபெயர்னு படிச்சோமே சார், ஒண்ணோட பேரு இன்னொண்ணுக்கு ஆகி வர்றது? அது நான்தான்" என்று சிரிப்பார். போன மாதம் வரை சிரித்தார்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்தப் பள்ளியில் லேப் அட்டெண்டராக இருந்தவரின் மகள். அப்பா மைக்ராஸ்கோப்பைப் பையில் போட்டு எடுத்துப் போனதாகப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தலைமையாசிரியரிடம் சொல்ல, அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அது பக்கத்து அறை அலமாரியில் கிடைத்தது. அதைச் சொல்ல வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. 'அப்பாவுக்கு எண்பத்தாறு வயசு. எந்தப் பையன் என்று இன்னும் கேட்கிறார். சண்டைக்கு இல்லை. பேர் தெரிந்தால் போதும்' என்று முடித்திருந்தார். மலர்க் குழு அதன் கீழே பெருந்தன்மையாக ஒரு குறிப்புச் சேர்த்தது: 'சொன்னவர் நெட்டை என்பர், குட்டை என்பாரும் உளர்.'

அதை மட்டும் அவர் மேலிருந்து கீழாகப் படித்தார். நானே பார்த்தேன்.

"நான் சொன்னேனா சார்? தலைமையாசிரியர் மேசையில பச்சைத் துணி, அதுல மைக்கறை, எல்லாம் ஞாபகம் இருக்கு. அந்த நீலப் பையும் ஞாபகம் இருக்கு. ஆனா நான் பார்த்தேனா, இல்ல பார்த்தேன்னு அந்த இன்னொருத்தன் வந்து எங்கிட்ட சொன்னானா? அங்கதான் இடிக்குது."

கூடப் படித்த டாக்டருக்குப் போன் போட்டார்.

"குட்டைதாண்டா சொன்னான்."

"எந்தக் குட்டை?"

"அதான்டா, குட்டையா இருப்பானே!"

"எப்போ குட்டையா இருப்பான்? ஆறாவதுலயா, பத்தாவதுலயா?"

"நீ யாருடா பேசறது?"

"அதைத்தாண்டா நானும் கேக்கறேன்!"

டாக்டர் போனை வைத்துவிட்டார்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னார். நான்காம் நாள், எங்கோ தள்ளி மரக்கடை வைத்திருக்கும் அந்த இன்னொருவரின் எண்ணைத் தேடிப் பிடித்தார். அச்சக இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டதால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். இவர் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"நாப்பத்தேழு வருஷமா அது நான்தான்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்டா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "இல்ல நீயா?"

"தெரியலடா."

"சத்தியமா எனக்கும் தெரியலடா."

"அப்ப என்னடா போடறது? அந்த மனுஷன் பேரைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"நம்ம பேரைப் போடு. ரெண்டு பேரையும் போடு." கொஞ்சம் நிறுத்தி, "இனிஷியலைத் தப்பாப் போட்டுடாதே" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

குழுவின் குறிப்பை ஒரே கோடாக அடித்துவிட்டு, 'சொன்னவர்' என்று எழுதி, இனிஷியலோடு பேரை எழுதினார். பக்கத்தில் காற்புள்ளி வைத்து, அதே இனிஷியலையும் அதே பேரையும் இன்னொரு தடவை எழுதினார். கீழே தம்முடைய தொலைபேசி எண்ணையும் மரக்கடை எண்ணையும் சேர்த்தார். பக்கம் அமைக்கும் அம்மாவிடம் தாளை அனுப்பிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவும் இவரிடமே தொழில் பழகியவர். பத்தாவது நிமிஷம் தாளோடு வந்தார். இரண்டாவது பேரின் குறுக்கே சிவப்புக் கோடு.

"என்ன சார் நீங்களே இப்படி? ஒரே பேர் ரெண்டு தடவை வந்திருக்கு. ஒண்ணை அடிச்சுட்டேன்."

அவர் தாளை வாங்கி மேசையில் வைத்தார். பென்சிலைச் சீவினார். இனிஷியலில் தொடங்கி, கோடு விழுந்த அந்தப் பேரின் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில், அழுத்தி அழுத்தி, ஒரு புள்ளி வைத்தார்.