விரல் நீள ஓஸ்

அன்று இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கில் நான். பின்சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்திருந்த அண்ணன். அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அண்ணி. பாதி வழியில் வந்து சேர்ந்த பஞ்சர் கடைக்காரர். போனில் மெக்கானிக். அவ்வளவுதான். அண்ணன், அண்ணி என்றால் உறவு இல்லை. வாடகைக்கு வண்டி ஓட்டப் போய் ஏற்பட்ட முறை.

அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவருடைய ஊரிலிருந்து விடியற்காலையில் ஏற்றி, ஏழு மணிக்குள் அங்கே சேர்ப்பது என் வேலை. ரொம்பத் தாமதமானால் அந்த மிஷினில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் இடைவெளி அதிகம். செவ்வாய் காலையில் பார்த்தால் முகம் ஊதி, கால் ஊதி, நாலு வார்த்தை பேசினாலே அவருக்கு மூச்சு வாங்கும். நான் சொல்வது ஒரு செவ்வாய்க்கிழமை.

என் வண்டி பழைய டீசல் வண்டி. இரண்டு பேர் ஓட்டித் தீர்த்த பிறகு என்னிடம் வந்தது. நானோ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். தினமும் கிளம்புவதற்கு முன்னால் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற ரப்பர்க் குழாயை, அந்த ஓஸைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். நல்ல ரப்பர் என்றால் அமுக்கிவிட்டதும் எழும்பும். இது கொஞ்ச நாளாகக் கனிந்த வாழைப்பழம்போல அமுங்கியே கிடந்தது. கிளாம்ப் போட்டு இறுக்கிய இடத்தில் உப்பியிருந்தது. அதற்குக் கீழே இருக்கிற இன்னொரு ஓஸில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஓஸை எப்போது மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த இங்கிலீஷ் ஓடாது. விரல் சொல்வதைத்தான் நான் நம்பினேன். இன்னும் ஒழுகவில்லை. ஒழுகப்போகிற அன்றைக்குப் பின்சீட்டில் யார் இருப்பார் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் திண்டிவனத்தில் மெக்கானிக்கிடம் போய் நின்றேன்.

"இன்னாபா, ஒழுவுதா?"

"இல்லண்ணா."

"சூடாவுதா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"அமுக்குனா அமுங்குது."

"என்னக்கூடத்தான் அமுக்குனா அமுங்குது. ஓடுற வண்டிய நோண்டிக்கினு. கோளாறு வண்டில இல்லபா, உன்கிட்ட."

ஆனாலும் கழற்றினார். ஓஸ் வாங்க வேண்டும் என்றால் பழையதைச் சாம்பிளுக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் வளைவைப் பார்த்துத்தான் கடையில் கொடுப்பார்கள். திண்டிவனத்துக் கடைகளில் அந்த வளைவு கிடைக்கவில்லை. இரண்டு பழைய ஓஸையும் கேரிபேக்கில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். மடியில் ஓஸ். அங்கே ஷெட்டில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற வண்டி. இன்று கிடைக்காவிட்டால் நாளைக்கு அண்ணனை எதில் ஏற்றுவது? பஸ்காரர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தி நிறுத்திப் போனார். மூன்றாவது கடையில் கிடைத்தது. வாங்கிக்கொண்டு திரும்பும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

மெக்கானிக் இரண்டு ஓஸையும் மாட்டினார். புது கிளாம்ப் போட்டார். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற பச்சைக் கூலண்ட் ஊற்றினார். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்துபோயிருந்ததைக் காட்டி, "இதையும் மாத்திடு, நிம்மதியாத் தூங்குவ" என்று புது மூடியும் போட்டார். அப்போது என் கண்ணில் இன்னொன்று பட்டது. வாட்டர் பம்புக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஓஸ். விரல் நீளம்தான் இருக்கும்.

"அண்ணா, இது?"

"அதுக்கு ஃபேனக் கழட்டி, பம்பக் கழட்டணும். அங்க விரல் போவும், ஸ்பேனர் போவாது. நாளைக்கு முழுக்க வண்டி நிக்கணும், பரவாயில்லயா?"

"நாளைக்கு மிஷின் நாளுண்ணா."

"அப்ப விடு. இத்தினியூண்டு ஓஸ் இன்னா பண்ணிடப்போவுது?"

விட்டுவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் அவர்கள் வண்டியில் ஏறும்போது அண்ணியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன், ஓஸெல்லாம் புதுசு என்று.

செவ்வாய்க்கிழமை கூட்டேரிப்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். முதலில் வந்தது வாசனை. கூலண்டுக்கு ஒரு தித்திப்பு வாசனை உண்டு. சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்தேன். பாதியில் நிற்க வேண்டியது மேலே போய்க்கொண்டிருந்தது. பானெட் இடுக்கில் வெள்ளையாக ஆவி. ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். 

"இன்னா தம்பி? நேத்துதான் எல்லாம் மாத்துனேன்னு சொன்ன?" என்றார் அண்ணி.

 பானெட்டைத் தூக்கினேன். புது ஓஸ் இரண்டும் கறுப்பாக, கெட்டியாக அப்படியே இருந்தன. நடுவில் அந்தக் குட்டி ஓஸ் நீளவாக்கில் பிளந்து புஸ்ஸென்று பீய்ச்சிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். தூக்கக் குரலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "மூடிதான்பா. பழைய மூடி அழுத்தம் புடிக்கல. இத்தினி நாளா காத்த வெளிய விட்டுக்கினு இருந்துச்சு. புதுசு நல்லாப் புடிச்சுது. அதுல இருக்கிறதுலயே இளைச்சது எதுவோ அது கிழிஞ்சுது. சூட்டுல மூடியத் திறந்துடாத, மூஞ்சி வெந்துடும். சில்லுனு தண்ணி ஊத்தாத, எஞ்சின் ஹெட்டு வெடிச்சிடும். ஆற வுடு."

ஆற விட வேண்டுமாம். பின்சீட்டில் அண்ணனின் மூச்சு எனக்கு வெளியே கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "ஏழரை வரைக்கும் பார்ப்போம்" என்று ஒரு பெண் சொன்னார். தெரிந்த டாக்சிக்காரர்கள் எல்லோருமே எங்கோ சவாரியில் இருந்தார்கள். பஸ்ஸில் படியேற அவரால் முடியாது.

"ஆம்புலன்ஸக் கூப்பிடட்டா அண்ணா?"

கையை ஆட்டினார். "மூச்ச... பார்த்தா... கிட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரில படுக்க வெச்சுடுவான். எனக்கு என் மிஷினுதான் வேணும்."

அண்ணி அவர் முகத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம். உதடு கறுத்துதுன்னா நீ சொல்றத நான் கேக்க மாட்டேன், ஆமா."

நூறடி தள்ளி லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை ஒன்று. ஓடினேன். கடைக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாயைக்கூடச் சரியாகக் கொப்புளிக்காமல், பழைய டியூப்பை நாடா நாடாவாகக் கிழித்து எடுத்துக்கொண்டு, தண்ணீர்க் கேனோடு வந்தார். எஞ்சினைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மேல பட்டுச் சட்ட, கீழ பட்டு வேட்டி, நடுவுல கோமணம் கிழிஞ்சுக்கினு. எவன்பா மாட்டுனான் இத?"

ஈரச் சாக்கை மூடியின் மேல் போட்டுக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் நான் பானெட்டுக்கும் பின்கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இங்கே தொட்டால் சூடு. அங்கே பார்த்தால் அண்ணனின் நெஞ்சு ஏறி இறங்குகிறது. உதட்டைப் பார்ப்பேன். திரும்பி ஓடுவேன். தொட முடிகிற அளவுக்கு ஆறியதும் பஞ்சர்காரர் சந்தில் கையை விட்டு, டியூப் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கம்பி போட்டு முறுக்கினார். அவருடைய இரண்டு விரல்கள் வெந்து சிவந்தன.

"மூடிய ஒரு திருப்பு மட்டும் போடு. அழுத்திப் பூட்டாத. பூட்டுன, என் கட்டு நிக்காது. தண்ணி கொதிச்சு வெளிய போவும், போற எடத்துல ஊத்திக்கினே போ. ஜல்தி கெளம்பு."

கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். போதவில்லை. அண்ணி தன் பையிலிருந்த பாட்டிலையும் எடுத்து நீட்டினார். மூத்திரம் சரியாக இறங்காததால் அண்ணனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர். அதையும் அண்ணி பாட்டில் மூடியில் அளந்துதான் கொடுப்பார். அந்தப் பாட்டில் ரேடியேட்டரில் கவிழ்வதை அண்ணன் திறந்த கதவு வழியாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு... ஒரு மூடி. அதுக்கு... குடம் குடமா."

"அது ஒழுவுது, ஊத்துறாங்க," என்றார் அண்ணி. "நீயும் ஒழுவு, உனக்கும் ஊத்துறேன்."

பஞ்சர்காரர் திரும்பி நின்று சிரித்தார். அண்ணனும் சிரிக்கப் போய் இருமினார். அந்த இருமல் நிற்கிற வரைக்கும் யாரும் அசையவில்லை. நின்றதும் வண்டியை எடுத்தேன்.

அதற்கப்புறம் சாலையை நான் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முள்ளைத்தான் பார்த்தேன். முள் ஏறினால் ஓரங்கட்டுவது, பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றுவது, மறுபடி ஓட்டம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் முன்னால் வரிசை. நின்றால் காற்று அடிக்காது, முள் துள்ளும். எஞ்சினை நிறுத்திவிட்டு, வரிசை நகரும்போது இறங்கித் தள்ளினேன். பின்னால் ஹாரன். அண்ணி தலையை வெளியே நீட்டினார். "ஒடம்பு முடியாத ஆள் இருக்காருய்யா உள்ள! இவ்ளோ அவசரம்னா நீயும் வந்து தள்ளு!" ஹாரன் அடித்த கார்க்காரர் நிஜமாகவே இறங்கி வந்து தள்ளினார்.

ஆஸ்பத்திரியில் நுழையும்போது ஏழரை தாண்டியிருந்தது. மிஷினில் வேறு ஒருவர் படுத்திருந்தார். சக்கர நாற்காலியில் ஆக்சிஜன் குழாயோடு வராந்தாவில் அண்ணன் உட்கார்ந்திருக்க, சுவரோரமாக நான் நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பக்கத்து அறையில் ஒரு மிஷின் காலியானது. ஊசி ஏறி, குழாயில் சிவப்பு ஓட ஆரம்பித்ததைக் கதவு இடுக்கில் பார்த்துவிட்டு வெளியே வந்து, வண்டிப் படியில் உட்கார்ந்தேன். 

அதே கட்டோடு தண்ணீர் ஊற்றி ஊற்றித் திரும்பி, அவர்களை வீட்டில் இறக்கியபோது அண்ணி வாடகையை நீட்டினார். போகவர தொள்ளாயிரம். வாங்க மனசு வரவில்லை.

"வேணாம் அண்ணி. இன்னிக்கு நான் செஞ்சதுக்கு..."

"இன்னா செஞ்ச? கொண்டாந்து சேத்த. புடி."

"வேணாம் அண்ணி."

"ஓசில ஏத்திக்கினு போறியா நீ?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு அண்ணன் மெதுவாகப் படியேறுவதைப் பார்த்தார். அன்று காலையில் இருந்த வீக்கம் பாதி வடிந்திருந்தது. பணத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"சரி, வாங்காத. கடனாவே இருக்கட்டும். கடன வெச்சுக்கினு மனுசன் லேசுல போவ மாட்டான்னு சொல்லுவாங்க."

புதன்கிழமை முழுக்க வண்டியை நிறுத்தி அந்தக் குட்டி ஓஸை மாற்றினோம். வியாழக்கிழமை வழக்கம்போலப் போனோம். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறோம். மற்ற நடைகளுக்கெல்லாம் அண்ணி அன்றைக்கன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிடுவார், அந்த ஒரு நடையின் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார். நானும் கேட்பதில்லை. தொள்ளாயிரம் ரூபாய் இன்னும் பாக்கி.