குளிர்ந்த ஈயமும் நானும்

பௌதிக வாத்தியார் வேலையில் உள்ள பெரிய வில்லங்கம், கண்ணால் காணாத ஒன்றைக் கண்டவன் போலக் கதைக்க வேண்டியிருப்பதுதான். கரும்பலகைக்கு முன் நின்ற பாவிகளே, என் பாடு உங்களுக்கு விளங்கும். அது வெள்ளைக்காரன் ஆண்ட யுத்த காலம். நான் தற்காலிக ஆசிரியன். பள்ளிக்கூட மனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். எங்கள் பக்கத்து மூன்று ஊர் வாசிகசாலைகளில் நான் நவீன விஞ்ஞானம் பேச வேண்டும். மூன்றாவதற்கு அவரே வருவார். சனம் கடைசிவரை எழும்பாமல் இருந்தால் வேலை நிரந்தரம். இன்று மீகடத்தி என்கிறார்களே, அதைத்தான் பேச எடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

கொடிகாமம்

"ஈயக் கம்பியைக் கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் துளியும் வீணாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்" என்றேன். அந்தப் பக்கம் இறைக்கிற தண்ணீரில் பாதியை வாய்க்கால் மணலே குடித்துவிடும். தோட்டக்காரர் ஒருவர் ஆசையோடு எழுந்து நின்றார்.

"மாஸ்டர், எனக்கும் தண்ணி குடியாத வாய்க்கால் ஒண்டு வேணும். அந்தக் குளிரை ஒரு சாடியிலை கொண்டுவாங்கோ."

கொழும்புத்துறை

மின்சாரம் ஒரே பக்கமாக ஓடும்வரைதான் அந்த அதிசயம். முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓட்டினால் அங்கும் கொஞ்சம் சக்தி வெப்பமாய்க் கழியும். இதைச் சொல்ல அரை மணி நேரம் வியர்த்தேன். முன்வரிசையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கடற்றொழிலாளி ஒருவர் தலை நிமிராமலே முடித்துவைத்தார்.

"வள்ளத்தை முன்னுக்கும் பின்னுக்கும் வலிச்சால் கை நோகும்தானே தம்பி? உதுக்கு ஏன் இவ்வளவு கதை?"

திருநெல்வேலி

இதற்கிடையில் மனேஜர் தேகாப்பியாசம், விடுதி, நூலகம் எல்லாவற்றையும் என் தலையில் கட்டியிருந்தார். தொண்டை கட்டிப்போயிற்று. "அளவுக்கு மேல் மின்சாரத்தைச் செலுத்தினால் கம்பியில் ஓரிடம் சூடாகி அந்த அதிசயம் கெடும். சூடு பக்கத்துக்கும் பரவும். ஒரு நொடியில் முழுக் கம்பியும்..." என்று வந்தபோது, முன் கதிரையிலிருந்து மனேஜர் "இன்னும் உரத்து! இன்னும் உரத்து!" என்று கையை வீசினார். உரத்தேன். குரல் கீச்சிட்டது, கண் இருண்டது, பொத்தென்று கதிரையில் விழுந்தேன். வேலை போச்சு என்று நினைத்தேன். சனமோ கைதட்டியது. கம்பிக்கு நடப்பதை நான் நடித்துக் காட்டுவதாக நினைத்துவிட்டார்கள்! மாட்டுவண்டிச் சவாரி விடும் ஒருவர் மனேஜரைப் பார்த்து, "விளங்கிச்சுதோ ஐயா? நல்லா ஓடுற நாம்பன் மாட்டை இன்னும் ஓடெண்டு குத்தினால் இதுதான் நடக்கும்" என்றார்.

ஒருவரும் எழும்பவில்லை. மனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமை! உமக்கு வேலை நிரந்தரம். நாளையிலையிருந்து எட்டாம் வகுப்புக் கணக்கையும் நீரே எடும்."

ஈயத்துக்கும் ஓர் எல்லை உண்டென்று ஓர் ஊருக்கே விளங்கவைத்த எனக்கு, வாத்தியாருக்கும் ஒன்று உண்டென்று அந்த ஒரு மனிதருக்கு விளங்கவைக்க முடியவில்லை.