நான் திருடாத வெல்லம்

என் கணவர் தங்கம் எடுக்கும் மைன் வாசலில் சோதனை போடுகிறவர். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் மேலே வருகிறவர்கள் அவர் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மடி, முண்டாசு, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் அவர் தடவிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். குன்றிமணித் தங்கம்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது என்று நந்திதுர்க் லைன் வீடுகள் முழுக்கப் பேர். எனக்கும் அதில் கர்வம் உண்டு, அந்தச் சோதனை என் அடுப்படிக்குள் வரும்வரை.

எனக்குச் சர்க்கரை வியாதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அதைச் சமாளிப்பது ஒரு தனி வேலை. கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, இன்சுலினை நானே தொடையில் போட்டுக்கொள்வேன். அப்புறம் டியூபில் நீல மருந்து, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் சூடு. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் எக்கச்சக்கம். ஐந்து வருடமாக எனக்கு நீலம், தப்பினால் பச்சை. லைனில் இருந்த மற்ற சர்க்கரைக்காரர்கள் என்னிடம் வந்துதான் டியூப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவ்வளவு கட்டு என் வாய்.

ஒரு பொங்கல் முடிந்த வாரம் டியூப் செங்கல் நிறம் காட்டியது. மறுநாளும் அதே. ஆஸ்பத்திரியில் ஊசியின் அளவை ஏற்றினார்கள். அப்படியும் செங்கல்தான்.

"இன்னா துன்னே? மறைக்காம சொல்லு" என்றார் கணவர்.

"களி, கீரை, மோரு. நீங்க பாத்துகினுதானே இருந்தீங்க?"

"நான் பாக்காதப்போ?"

அரிசிப் பானைக்குள் கைவிட்டார், தலையணையை உதறினார், பொங்கலுக்கு வாங்கிய வெல்லத்தில் மிச்சத்தை எடை போட்டார். கடைசியில் என் முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். தங்கம் எடுக்கும் ஊரில் எது கூடினாலும் குறைந்தாலும் முதலில் திருட்டுதான் நினைவுக்கு வரும். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். குழாயடியில் பத்துப் பெண்கள் குடத்தோடு நிற்கும்போது, "இவ வெல்லத்தத் திருடித் துன்றா, நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்றே அடுப்படிச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். "எட்டு நாளு நீங்களே ஆக்குங்க, நீங்களே அளந்து போடுங்க. நான் வாசப்படி தாண்ட மாட்டேன்."

எட்டு நாளும் ஷிஃப்டுக்கு முன் அவரே களி கிண்டினார். எருமையும் முகர்ந்துவிட்டுப் போயிருக்கும். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். தினமும் டியூபை அவரே பிடித்தார். எட்டு நாளும் செங்கல். ஒன்பதாம் நாள் சாவியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். குற்றம் போகவில்லை, விடையும் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவே நான் இளைத்துக்கொண்டே போனேன். மார்கழிக் குளிர் போகாத அந்த நாட்களிலும் எனக்கு வியர்த்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊசி பிடித்தால் கை நடுங்கியது. அவமானத்தில் வந்த ஏக்கம் என்று நானே நினைத்தேன்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாணம். புறப்படும்போது வளையல்கள் தாமாகவே கழன்று விழுந்தன, அவ்வளவு மெலிவு. ஆனால் அட்டிகையைக் கழுத்தில் மாட்டினால் கொக்கி எட்டவில்லை. கை இளைத்தால் கழுத்தும் இளைக்க வேண்டாமா? கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கிப் பார்த்தேன். தொண்டைக்குழிக்கு மேலே ஒரு வீக்கம் ஏறி இறங்கியது. அன்றைக்குச் சோதனை போட்டது நான். பிடித்ததும் நான்தான்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. வளையலையும் அட்டிகையையும் துணியில் முடிந்துகொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முன் இரண்டையும் மாட்டிக் காட்டினேன். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பார்த்தார்.

"கழுத்துல இருக்கிற தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்யுதும்மா. அதனால கல்லீரல் சர்க்கரைய ரத்தத்துல கொட்டிக்கிட்டே இருக்கு. நீங்க ஒழுங்காத்தான் இன்சுலின் போடுறீங்க. ஆனா உடம்புகிட்ட அதோட சொல்லு எடுபடல. இதுல உங்க வாய் மேல தப்பே இல்ல."

என் சொல்லும்தான் இத்தனை நாள் எடுபடவில்லை என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. கணவர் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே நின்றார்.

தைராய்டை அடக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் நடுக்கம் குறைந்தது. டியூப் செங்கலிலிருந்து ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் இறங்கியது. ஊசியின் அளவையும் குறைத்தார்கள். ஒரு நாள் காலையில் சூடு பண்ணப் பண்ண நீலம் மாறவே இல்லை. பார்த்த கணவர், "எம்மேலதான் தப்பு" என்று முணுமுணுத்தார்.

"வீட்டுக்குள்ள எதுக்கு? குழாயடியில சொன்னத குழாயடியில வந்து சொல்லுங்க" என்றேன்.

வருவார் என்று நான் நினைக்கவில்லை. நான் குடத்தோடு நிற்கும்போது யூனிஃபார்மோடு வந்தார். ஒரு கையில் நீல டியூப். அத்தனை பெண்களுக்கும் முன்னால், மைன் வாசலில் தொழிலாளிகள் நிற்பது போலவே இரண்டு கையையும் தூக்கினார்.

"இவ ஒண்ணும் எடுக்கல. நான்தான் தப்பா சோதனை போட்டேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"இன்னும் சத்தமா சொல்லுங்க. கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சொன்னார்.