சந்தேகம் தீர்ந்த மிஷின்

காளீஸ்வரிக்கு இடது காது போனது விசைத்தறிக் கொட்டகையில். பதினோரு வருஷம் அந்த இரைச்சலில் நின்றால் யாருக்குத்தான் போகாது? இன்னும் கொஞ்ச காலம் தறியில் நின்றால் வலது காதும் போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதனால்தான் அருப்புக்கோட்டையில் நூல் கடை மாடியில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் பிளஸ் டூ சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மாடியில் இருந்ததே மூன்று நாற்காலி. தமிழில் கடிதம் அடிக்கும்போது தப்பு வந்தால் அடியில் கோடு விழுகிறதே, அந்தக் கோட்டைப் போடும் மிஷினுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் வேலை. மிஷின் ஒரு வரியைச் சொல் சொல்லாக வெட்டும். எது பெயர், எது வினை, எது எதோடு சேரும் என்று பிரித்துப் பார்க்கும். மற்றபடி அதற்கு ஒரு எழவும் புரியாது. முன்னால் மனுஷர்கள் எதைச் சரி என்றார்கள் என்பது மட்டும்தான் அதன் படிப்பு. சந்தேகம் வந்தால் அந்த வரியை மூன்று பேருக்கும் அனுப்பும். கலந்து பேசாமல் சரியா தப்பா என்று பொத்தானைக் குத்த வேண்டும். மற்ற ரெண்டு பேரோடு ஒத்துப்போகாதவளுக்கு மதிப்பெண் குறையும். ரொம்பக் குறைந்தால் வீட்டுக்குப் போகலாம்.

முதலில் மாட்டியவள் பாண்டீஸ்வரி. நரிக்குடிப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவள். அவள் ஊர்ப் பேச்சாக வரும் வரிகளையெல்லாம் சரி என்று குத்துவாள். காளீஸ்வரியும் அவளோடு ஒரே தெருவில் இருக்கும் ஸ்ரீமதியும் தப்பு என்பார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற அவர்களுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம்தான் தமிழ்.

"பொறந்ததுலருந்து இப்படித்தானக்கா பேசுறோம். இது எப்படித் தப்பாகும்?" என்று பாண்டீஸ்வரி அழுதாள்.

காளீஸ்வரியிடம் ஒரு வழி இருந்தது. தறி ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது என்பதால் கொட்டகைப் பெண்கள் கையாலேயே பேசிக்கொள்வார்கள். கட்டை விரல் நிமிர்ந்தால் எல்லாம் சரி. ரெண்டு விரல் கத்தரிபோல் வெட்டினால் நூல் அறுந்துவிட்டது. அதை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்தாள்: கட்டை விரல் என்றால் சரி, கத்தரி என்றால் தப்பு. பொறுப்பாளர் கார்த்தீஸ்வரன் செல்போனில் முகத்தைப் புதைக்கும் நேரம் பார்த்து இவள் விரல் அசையும், மற்ற இருவரும் அதன்படி குத்துவார்கள். ஒரு மாதத்தில் மூவருக்கும் நூற்றுக்கு நூறு. தன் அம்மா பேசும் பேச்சைத் தானே தப்பென்று குத்திவிட்டு, பாண்டீஸ்வரி சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பாள்.

ஏழாவது மாதம் வரிகள் குறைந்தன. ஒருநாள் வரவே இல்லை.

"கோவிச்சுக்காதீகக்கா, இனி இங்க வேலை இல்ல" என்றான் கார்த்தீஸ்வரன். "மூணு பேரும் ஒண்ணுபோலச் சொன்னா, அந்த மாதிரி வரியெல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு மிசினு மூடிருமாம். ஆளுக்கொண்ணு சொன்னாத்தான் சந்தேகப்பட்டு இன்னும் அனுப்புமாம். மதுரையில ஒரு குரூப்பு எப்பப் பாத்தாலும் ஒத்துப்போறதில்லையாம், மார்க்கு கொறஞ்சாலும் அங்க யாரையும் அனுப்புறதில்லையாம். அவுகளுக்கு ரெண்டு வருசத்துக்கு வேலை கெடக்கு."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி?"

"எனக்கே இன்னைக்குத்தான்க்கா சொன்னாக."

படி இறங்கும்போது பாண்டீஸ்வரி முகம் கொடுக்கவில்லை. "எங்காத்தா பேச்சத் தப்புன்னு குத்துனதுதான் மிச்சம்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். உனக்காகத்தானேடி செஞ்சேன் என்று காளீஸ்வரிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை பழைய கொட்டகைக்கே போனாள். பக்கத்துத் தறி வெள்ளைத்தாய் புருவத்தை உயர்த்திக் கேட்டாள், கம்ப்யூட்டர் வேலை என்ன ஆச்சு? காளீஸ்வரி ரெண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டிக் காட்டினாள். வெள்ளைத்தாய் தன் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிச்சமிருந்த காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டு தறியை ஓடவிட்டாள். இனி ஆயுசுக்கும் அவளுக்கு இந்தக் கைப்பேச்சுதான்.