நனைந்த பையைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்

பரிசல் பயணத்தில் மகளின் இன்ஹேலர் நனையக் கூடாது என்று ஆன்லைனில் ஒரு வாட்டர்ப்ரூஃப் பை வாங்கினேன். ஆரஞ்சு நிறம்.

நேற்று உள்ளே செய்தித்தாளை வைத்து, வாயை இறுக்கிச் சுருட்டி, பக்கெட் தண்ணீரில் அமுக்கினேன். பத்தே நிமிடத்தில் தாள் கூழாகிவிட்டது. 'தண்ணீர் புகுந்தது' என்று காரணம் எழுதி ரிட்டர்ன் போட்டேன்.

திரும்ப எடுத்துப்போக இன்று நூம்பலில் உள்ள எங்கள் ஃபிளாட்டுக்கு ஆள் வந்தார். பையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"ஈரமா கீதேக்கா. நனைஞ்ச பொருள எடுக்கக் கூடாதுன்னு ரூல்ஸு."

"தண்ணியில போடத்தானே இதை விக்கிறாங்க? நனைக்காம ஓட்டை இருக்குன்னு எப்படிங்க தெரியும்?"

கஸ்டமர் கேரிலும் அதே பதில். கூடவே ஒரு 'வருந்துகிறோம்'.

கடைசியில் அவருக்கே பாவமாகிவிட்டது.

"தொடைச்சிக் குடுக்கா. தண்ணி பூந்துச்சுன்னு போடாத, கலர் புடிக்கலன்னு மாத்திப் போடு. எட்த்துகினு போயிடறேன்."

போட்டேன். ஒரே நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் ரூல்ஸ் பேசுகிறவர்கள், பொய் சொன்னால் நன்றி சொல்கிறார்கள்.

அந்தப் பை ஓட்டையோடு மறுபடி விற்பனைக்குப் போகும். வாங்குகிறவர் தன் பிள்ளையின் மருந்தை அதில்தான் வைப்பார்.

உங்களில் யாருக்காவது ஆரஞ்சுப் பை வந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கலராவது பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.