கூறை கொண்டு வந்தவர்

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் லோண்டறி வைத்திருந்த அந்த மனிதரின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒடிசலான உடம்பு, தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். எந்தத் துணியை வாங்கினாலும் முதலில் மணந்து பார்ப்பார்.

அம்மா கலியாணத்தன்று உடுத்த கூறைச்சேலையையும் அப்படித்தான் மணந்தார். "உப்புத்தண்ணி பட்டிருக்கு" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வரும்போது நனைந்தது அது. முன்பு விசாரித்த இரண்டு கடைகளிலும் சோடாவில் அவித்துத் தருகிறோம் என்றார்கள். கண்டவர்களிடம் கொடுக்கிற சேலையா அது?

"பழைய பட்டு, பிள்ளை. பூந்திக்கொட்டை நுரையிலைதான் அலசவேணும். என்ன விசேசம்?"

அம்மா அப்போது படுத்த படுக்கை. அப்பா இருக்க அவா போனால் கூறை உடுத்தித்தான் அனுப்பவேண்டும், அது எங்கள் வழக்கம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வீட்டிலை ஒரு கலியாணம்" என்றேன்.

அடுத்த கிழமை செல்லடியில் குண்டுகள் விழ ஊரே கிளம்பி ஓடியது. ஓடிப்போய் ஒதுங்கிய ஜெயபுரத்தில் அம்மாவை இரவல் சேலையில்தான் எரித்தோம்.

சில மாதம் கழித்து, எங்களை விசாரித்து விசாரித்து அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கூறையை ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு நீட்டினார். ஒரு கறை இல்லை.

"கலியாணம் முடிஞ்சுதோ, பிள்ளை?"

"இல்லை, தள்ளிப் போட்டுது."

"அப்ப நான் பிந்தேல்லை" என்று சிரித்தார்.

சைக்கிள் கரியரில் இன்னும் எத்தனையோ பேருடைய உடுப்புகளைக் கட்டி வைத்திருந்தார்.